மார்ச் மாதத்துப் பணமும் ஐப்பசி மழையும்: வேலூர்ப் பக்கம் சி.எஸ்.ஆர். கூட்டுறவை நடத்தும் முறை

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்றைக்கு வேலூரில் மரம் நட ஒப்புக்கொள்ளாதீர்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஏரிக்கரை மண்ணில் கடப்பாரை இறங்காது. ஆனால் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்புப் பணம் தரும் நிறுவனங்களிடமிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் அந்தத் தேதியைக் கேட்டுத்தான் வரும். ஐந்நூறு கன்று, ஒரு பேனர், நூறு ஊழியர்கள், பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல் தேதியை மட்டும் ஐப்பசிக்கு நகர்த்தப் பழகுங்கள். இந்த வேலையில் நான் முதலில் கற்றுத்தரும் பாடம் அதுதான்.

காட்பாடியில் இயங்கும் ஒரு சிறிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையில் நிறுவனங்களுடனான உறவைக் கவனித்துவருகிறேன். அதற்கு முன்பு ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பணம் கொடுக்கும் அலுவலகத்தின் பதற்றமும் தெரியும், வாங்கும் அலுவலகத்தின் பதற்றமும் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆர்க்காட்டில் ஏரி, காடு, ஆறு என்று உழைக்கும் சிறிய அமைப்புகளில் புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கோப்பு

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், நடப்பு ஆண்டுக்கு உடனே முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழல், தாவர விலங்குப் பாதுகாப்பு, வேளாண் காடு, மண் நீர் காற்றின் தரம் ஆகியவை இருக்கின்றன. நம் வேலைக்கு இடம் உண்டு என்பதில் ஐயம் வேண்டாம்.

நம் பக்கம் இருக்க வேண்டியவை: வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) எனப்படும் பதிவுகள், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற பதிவு எண், மூன்று ஆண்டு தணிக்கைக் கணக்குகள், அதே வகை வேலையில் மூன்று ஆண்டு அனுபவத்துக்கான சான்று. 2021 ஏப்ரல் 1 முதல் பதிவு எண் இல்லாத அமைப்புக்கு எந்த நிறுவனமும் சி.எஸ்.ஆர். பணம் தர முடியாது. 12ஏ, 80ஜி இரண்டுக்கும் இப்போது காலாவதித் தேதி உண்டு. அதைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். மூன்று ஆண்டு ஆகாத புதிய அமைப்பாக இருந்தால், மூத்த அமைப்பு ஒன்றோடு சேர்ந்து வேலையைத் தொடங்குவதே வழி.

யாரிடம் போவது

பெரிய பெயர்களின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பலன் குறைவு. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். தளத்தில், எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எதற்குச் செலவிட்டது என்ற விவரம் கிடைக்கிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பிலும் அது இருக்கும். மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கூடக் கழிவறை மட்டுமே கட்டிவரும் நிறுவனத்திடம் திடீரென்று தேவாங்கைப் பற்றிப் பேசுவதைவிட, தொழிற்சாலையைச் சுற்றியுள்ள கிராமத்தின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுவது நல்லது. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வாயிலிலிருந்து உங்கள் ஏரி எத்தனை கிலோமீட்டர் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் செலவிட வேண்டிய நிறுவனத்துக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள குடும்ப நிறுவனங்கள் பல இந்த அளவைச் சேர்ந்தவை. அங்கே முதலாளியைப் பார்த்தால் ஒரே வாரத்தில் பதில் கிடைக்கும். அவருடைய சொந்த ஊர் ஏரி எது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

யாருடைய பணம்

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டி யாரும் போக முடியாது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் நிலைநாட்டப்பட்டது. அந்தத் தீர்ப்பை இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசுக்காக மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கிணற்று நீர் உப்பாகிப்போன குடும்பங்கள் இன்றும் அதே ஊர்களில் வாழ்கின்றன. அவர்கள் ஊர் ஏரிக்கரையில் எந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையை நடுகிறோம் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

தோல் நிறுவனங்களின் பணத்தையே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலணி தைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஒழுங்காக நடத்திக் கழிவுநீரை வெளியே விடாத ஆலைகளும் உண்டு. நான் வைத்திருக்கும் வரையறை இது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு நடப்பில் இருக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ அந்த ஆலையின் மீது மாசு வழக்கு நிலுவையில் இருந்தால், நீர்நிலை எதிலும் அவர்களோடு சேருவதில்லை. இதைப் பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலேயே, நேரில், மரியாதையாகச் சொல்லிவிடுவேன். எங்கள் அறங்காவலர் குழு இதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறது. அதனால் மறுக்கும்போது அது என் சொந்த விருப்பு வெறுப்பாகத் தெரிவதில்லை. உங்கள் குழுவிடமும் அப்படி ஒரு தீர்மானம் வாங்கிவையுங்கள், பணம் வருவதற்கு முன்பே.

சட்டமும் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. வேறொரு சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டிய கடமையைச் சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்க முடியாது. தன் கழிவைத் தானே சுத்தம் செய்வது கடமை. ஆலை வளாகத்தைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்கச் சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனை இருந்தால் அதுவும் கடமை. அந்த மரங்களைச் சி.எஸ்.ஆர். பணத்தில் நட்டுத் தரும்படி உங்களைக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். வேலை உண்மையிலேயே நல்லதாக இருந்தால், தனிக் கட்டணச் சேவையாக ஜி.எஸ்.டி. பில்லோடு செய்யலாமா என்று உங்கள் தணிக்கையாளரைக் கேளுங்கள். ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையும், பொருளை விற்பதற்காகச் செய்யும் விளம்பர ஆதரவும் சி.எஸ்.ஆர். ஆகாது.

ஏரிக்கு அழைத்துப்போங்கள்

அவர்கள் அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில் படம் போட்டுக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். காலை ஆறரை மணிக்கு ஏரிக்கு அழைத்துப்போங்கள். வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, மதகு எங்கே உடைந்திருக்கிறது, கடைசியாக ஏரி எந்த ஆண்டு கோடி போனது (நிரம்பி வழிந்தது) என்பதை ஊர்க்காரர் ஒருவர் சொல்லட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஏரியில், மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவர் கால்வாய் வழியே நடந்துகொண்டே, எந்த வளைவில் யார் மண் கொட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். உடன் வந்த நிதிப் பிரிவு அதிகாரி கரையைப் பலப்படுத்தத்தான் பணம் தருவதாக இருந்தார். திரும்பும்போது, கால்வாயைத் தூர்வாராமல் கரையைக் கட்டி என்ன பயன் என்று அவரே கேட்டார்.

நடந்து பார்க்கும் அன்றைக்கே அனுமதிப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இரண்டிலும் மாவட்ட ஆட்சியரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஜேசிபி உள்ளே இறங்கக்கூடாது. அள்ளும் வண்டல் எங்கே போகிறது என்பதற்கும் தனி அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும், மண் திருட்டுக்கு உங்கள் அமைப்பும் நிறுவனமும் துணைபோனதாகப் பேச்சு வரும். ஜவ்வாது மலையிலோ அமிர்தி பக்கமோ காப்புக்காட்டில் ஒரு குழி தோண்டுவதானாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். பாறையும் புல்லுமாகக் கிடக்கும் குன்றைப் பார்த்து, இங்கே ஏன் மரம் இல்லை என்று நிறுவனத்தார் வருத்தப்படுவார்கள். அந்தப் புல்வெளியை நம்பி வாழும் பறவைகளையும் பூச்சிகளையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அப்படிப்பட்ட குன்றுகளில் கன்று நடுவதைவிடக் கோடையில் தீ பரவாமல் காவல் இருப்பதற்குப் பணம் கேட்பதே சரியான கோரிக்கை.

ஊரின் சம்மதம் காகிதத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தூர்வாரும் வேலை கோடையில் என்றால் ஜனவரி 26-இல் தீர்மானம் வாங்குங்கள். நடவு என்றால் ஆகஸ்ட் 15. மீன் குத்தகை எடுத்தவர், ஏரியில் ஆடு மேய்ப்பவர், வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) வெட்டி விறகு விற்பவர் ஆகிய மூவரையும் சபைக்கு முந்தைய வாரமே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வேலிகாத்தானை வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் காயைத் தின்றுதான் பஞ்ச காலத்தில் அவர்கள் ஆடுகள் பிழைத்தன. அவர்களுக்கு அந்த வேலையிலேயே கூலி கிடைக்கும்படி திட்டத்தை எழுதலாம்.

பட்ஜெட்டும் ஒப்பந்தமும்

நிறுவனங்கள் கன்றுக்குப் பணம் தருகின்றன, தண்ணீருக்குத் தருவதில்லை. வேலூர்க் கோடையில் டேங்கர் தண்ணீரும் காவலாளியும் இல்லாத நடவு, ஆட்டுக்குத் தீவனம் போட்டதோடு முடியும். மரம் நடும் திட்டமானால், மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே தீரும்படி நான் எழுதுவதில்லை. கூண்டு, தண்ணீர், காவல் கூலி, இறந்த கன்றுக்கு மாற்றுக் கன்று ஆகிய நான்கும் மூன்று ஆண்டுக்கும் தனித்தனி வரியாக இருக்கும். புங்கன், நாவல், இலுப்பை, நீர்மருது என்று இந்த மண்ணின் கன்றுகளை நாற்றங்காலில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆகஸ்டில் கேட்டால் கையிருப்பில் உள்ள அலங்கார மரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஏரிக்கரையின் மேல் எதை நடலாம் என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள். பனை விதைக்குப் பெரும்பாலும் மறுப்பு வராது.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உங்கள் ஊழியர் சம்பளத்தை வெட்டச் சொல்வார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் பொதுச் செலவுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் வராது. களப் பணியாளரின் சம்பளத்தை நிர்வாகம் என்ற தலைப்பில் போடாமல் களப்பணி என்ற தலைப்பில் போடுங்கள். அது உண்மையில் களப்பணிதான். விதியின் அந்த வரியை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்து, கேட்கும்போது வருத்தமில்லாமல் எடுத்துக் காட்டுங்கள்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. எண்ணிக்கை எப்போதும் இரண்டு கோடையைத் தாண்டிப் பிழைத்த கன்றின் எண்ணிக்கை. பெயர்ப்பலகை ஒன்றே, அதில் ஊராட்சியின் பெயர் முதலில், ஏரியின் பெயர் பெரிதாக. ஏரியைத் தத்தெடுத்தோம் என்ற சொல் எந்த விளம்பரத்திலும் வரக்கூடாது, ஏரி அரசுடையது, ஊருடையது. நாம் காணும் தரவை, தண்ணீரின் தரம் உட்பட, வெளியிடும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மீது புதிதாக மாசு வழக்கு வந்தால் ஒப்பந்தத்தை நிறுத்தும் உரிமையும் வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் மோட்டாரோ கொட்டகையோ நிறுவனத்தின் சொத்தாக முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்க வேண்டும். யார் பெயரில் என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

மார்ச் மாதம்

நிறுவனத்தின் ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. நமக்கு மழை ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடும், பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பெய்கிறது. பணம் ஜனவரியில் வரும், மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்வார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதைத் தெரியாமல் எத்தனையோ அமைப்புகள் பிப்ரவரி வெயிலில் கன்றுகளை நட்டுக் கொன்றிருக்கின்றன.

உங்கள் திட்டத்தைத் தொடர் திட்டமாக அறிவிக்கும்படி இயக்குநர் குழுவிடம் நிதியாண்டுக்குள்ளேயே கேளுங்கள். தொடங்கிய ஆண்டைச் சேர்க்காமல் மூன்று ஆண்டு வரை அது ஓடலாம். அந்த ஆண்டில் செலவாகாத பணத்தை நிறுவனம், நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் வங்கியில் செலவழியாத சி.எஸ்.ஆர். கணக்கு என்ற தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் உங்களுக்குத் தரலாம். தொடர் திட்டமாக அறிவிக்காவிட்டால், மீந்த பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிக்குப் போய்விடும். ஆகவே டிசம்பரிலேயே நிதிப் பிரிவோடு உட்காருங்கள். மார்ச் நடுவில் கேட்டால் குழுக் கூட்டம் முடிந்திருக்கும்.

பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பியதோடு நிறுவனத்துக்குச் செலவு முடிந்ததாக ஆகாது, நீங்கள் செலவிட்டால்தான் செலவு. அதனால் பயன்பாட்டுச் சான்றிதழை மார்ச் கடைசி வாரத்தில் நெருக்கிக் கேட்பார்கள். செலவாகாத ரூபாய்க்குச் சான்று கொடுக்காதீர்கள். எவ்வளவு நட்பானவர் கேட்டாலும், அடுத்த தவணை நின்றுவிடும் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றை நம்பித்தான் அவர்களுடைய தலைமை நிதி அதிகாரி கையெழுத்திடுகிறார். கணக்குப் பிரிவில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: உண்மையான, குறைவான எண்ணை ஒருவர் முன்கூட்டியே தந்தால் நிதிப் பிரிவு அவரைத்தான் அடுத்த ஆண்டும் தேடும்.

ஊழியர்கள் வரும் நாள்

ஊழியர்கள் வரட்டும், அது வீண் வேலை இல்லை. பாதுகாப்புக் காலணி அணிந்து இயந்திரத்தின் முன் நிற்பவர் ஒருமுறை ஏரியில் நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் பெயர் சொல்லிப் பார்த்துவிட்டால், அடுத்த முறை குடும்பத்தோடு வருவார். அவர்களுக்குப் புரட்டாசியில் பனை விதை நடவு, ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, கோடைக்கு முன் மூடாக்கு இடுதல் (ஈரம் காயாமல் கன்றைச் சுற்றிச் சருகு பரப்புதல்) ஆகியவற்றைக் கொடுங்கள். பிளாஸ்டிக் பொறுக்கும் வேலைக்கு மட்டும் அழைக்காதீர்கள். எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடியுங்கள். சாப்பாட்டை ஊரின் மகளிர் குழுவிடம் சொல்லுங்கள், பாக்கு மட்டைத் தட்டில் போடட்டும்.

அறிக்கையும் முடிவும்

காலாண்டு அறிக்கை இரண்டு பக்கம் போதும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் எடுத்த படங்கள், பக்கத்துக் கிணறுகள் மூன்றின் நீர்மட்டம், பிழைத்த கன்றுகள், செலவு. கெட்ட செய்தியை அறிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாக ஓடியபோது, மாவட்டத்தில் எங்கெங்கோ கரைகள் அரித்துப்போயின. அப்போது அன்றைக்கே அழைத்துச் சொன்ன அமைப்புகளை நிறுவனங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன.

தொழிற்சாலை மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒருவரின் அன்பில் கூட்டுறவு நிற்கக்கூடாது. நிதிப் பிரிவில் ஒருவர், மனிதவளத்தில் ஒருவர், தொழிற்சங்கத்தில் ஒருவர் என்று மூவரோடாவது நேரடிப் பழக்கம் இருக்கட்டும். புதிய மேலாளர் வந்த வாரத்திலேயே ஏரிக்கு அழைத்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டின் கடைசி கிராம சபையில் ஒப்படைப்பு நடக்க வேண்டும். மோட்டாரின் சாவி யாரிடம், மின் கட்டணம் யார் கட்டுவார்கள், காவலாளியின் கூலி இனி ஊராட்சியிலிருந்தா, மகளிர் குழுவிலிருந்தா என்பதெல்லாம் தீர்மானத்தில் ஏறட்டும். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தைப் பெரிய நிறுவனம் ஓராண்டு கழித்துத் தாக்க மதிப்பீடு செய்ய வரலாம். அன்றைக்கு அனுமதிக் கடிதமும் தொடக்க நிலை நீர்மட்டமும் கையில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை வருமான வரி விதிப்படி பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம், அனுமதி, தீர்மானம், படங்கள் எல்லாவற்றையும் அதே பெட்டியில் வைத்து, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.